சீப்புதான் ஃபான்டீன்: பெரிய நாவல், சின்ன மேசை – கேள்வி பதில்

பொம்மைகளையும் வீட்டுச் சாமான்களையும் வைத்து நாவல்களை மேடையேற்றுவது என் வேலை. மேசை ஒன்று, ஆட்கள் இரண்டு, விளக்கு ஒன்று. அவ்வளவுதான் எங்கள் குழு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திருச்சி, கல்லூரி நாடகக் குழு மாணவர்: அக்கா, உப்பு டப்பாவைக் காட்டி "இவர்தான் ராஜா" என்றால் சனம் சிரிக்காதா?

சிரிக்கும் தம்பி. முதல் இரண்டு நிமிஷம் சிரிக்கட்டும், தடுக்காதீர்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஃபோர்ஸ்டு என்டர்டெயின்மென்ட் குழு 2015-ல் ஷேக்ஸ்பியரின் 36 நாடகங்களை இப்படித்தான் செய்தது. நாடகத்துக்கு ஒரு நடிகர், ஒரு மேசை, சமையலறைச் சாமான்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சனம் சிரிப்பதால் ஒன்றும் கெடாது. டப்பாவைப் பார்த்து நீங்களே சிரித்தால்தான் கெடும். "பாருங்க, எவ்வளவு குறும்பா செய்றேன்" என்று உங்கள் முகம் ஒரு தடவை காட்டிவிட்டால் ராஜா போய்விடுவார், டப்பா மட்டும் மிஞ்சும்.

மதுரை, தமிழாசிரியை: பள்ளி ஆண்டு விழாவுக்கு 'ஏழை படும் பாடு' செய்ய ஆசை. புத்தகத்தைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது?

டீச்சர், விக்டர் ஹ்யூகோ 1862-ல் எழுதிய மூலத்தில் 5 பாகம், 365 அத்தியாயம். வாட்டர்லூ போரும் பாரீஸின் சாக்கடை வரலாறும் தனித்தனிப் புத்தகமாகவே உள்ளே கிடக்கின்றன. பெல்ஜியத்தின் கார்யாதீட் குழு இந்த நாவலை இரண்டே நடிகைகள், சின்னச் சின்னச் சிலைகள், பழைய சாமான்களோடு மேடையேற்றியது. ஆக, முடியாத காரியம் இல்லை.

நான் செய்வது இதுதான். கதையைச் சுருக்கி எழுத மாட்டேன். சுருக்கினால் "பிறகு அவர் இங்கே போனார், பிறகு அங்கே போனார்" என்று பயணக் கட்டுரை மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதில், கதைக்குள் கை மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பொருளைத் தேடுவேன். இந்த நாவலில் அதை ஹ்யூகோவே வைத்திருக்கிறார்: பாதிரியார் கதாநாயகன் ழான் வால்ழானுக்குக் கொடுக்கும் வெள்ளி மெழுகுவத்தித் தண்டுகள். திருடிக்கொண்டு போன வெள்ளிப் பாத்திரத்தோடு பிடிபட்டு வந்தவனிடம், "இதையும்தானே கொடுத்தேன், ஏன் விட்டுவிட்டுப் போனாய்?" என்கிறார். அவன் சாகும்போதும் அந்த விளக்குகள் பக்கத்தில் எரிகின்றன. விளக்கு மேசையின் எந்த மூலையில் நிற்கிறதோ அங்கே நடக்கும் காட்சி நாடகத்தில் உண்டு, மற்றதெல்லாம் வெளியே. இப்படி வெட்டினால் கை நடுங்காது. கதையில் வரும் இளைஞன் மாரியுஸின் காதலை மட்டும் பிள்ளைகள் விடமாட்டார்கள். ஐந்து நிமிஷம் கொடுத்துவிடுங்கள்.

சேலம்: யாருக்கு எந்தப் பொருள் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? உருவ ஒற்றுமையா, குணமா?

இரண்டும் இல்லை. குண்டான பாத்திரத்துக்குக் குண்டான சட்டி என்று வைத்தால் அது ஒரு நிமிஷத் தமாஷ். கோபக்காரனுக்கு மிளகாய் என்று வைத்தால் விடுகதை. நான் கேட்பது ஒரே கேள்வி: இந்தப் பொருளுக்கு என்ன நேர முடியும்? உடையுமா, கரையுமா, சிந்துமா, தீருமா? கதாபாத்திரத்துக்கு நேரப்போவது பொருளுக்கும் நேர வேண்டும், அதுவும் பார்ப்பவர் கண்முன்னால்.

அதே ஹ்யூகோ நாவலில் வரும் ஏழைத் தாய் ஃபான்டீன், மகளுக்குப் பணம் அனுப்பத் தலைமுடியை விற்கிறாள். பிறகு முன்பற்கள் இரண்டை விற்கிறாள். எங்கள் நாடகத்தில் அவள் ஒரு சீப்பு. முடியை விற்றவளுக்குச் சீப்பு எதற்கு என்பது முதல் வலி. அடுத்ததாகச் சீப்பின் பல்லை ஒடிக்கிறோம். ஒன்று. நிறுத்தம். இன்னொன்று. வசனம் கிடையாது. சீப்புக்கும் பல்தான், அவளுக்கும் பல்தான், நம் மொழியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அந்த 'டக்' சத்தத்துக்குக் கடைசி வரிசையில்கூட ஆள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் காட்சியன்று என்ன ஆனது தெரியுமா? பல் ஒடியவே இல்லை. புதுப் பிளாஸ்டிக், வளைந்து வளைந்து நிமிர்ந்தது. நானும் முறுக்குகிறேன், அது ரப்பர் மாதிரி ஆடுகிறது. சோகக் காட்சியில் அரங்கமே குலுங்கியது. இப்போது முந்தின ராத்திரியே பிளேடால் அடிப்பக்கம் பாதி கீறி வைத்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வால்ழானைத் துரத்தும் போலீஸ்காரர் ஜாவர் எங்களுக்கு 30 சென்டிமீட்டர் மரஸ்கேல். (1950-ல் வந்த 'ஏழை படும் பாடு' படத்தில் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்குக் கடைசிவரை 'ஜாவர்' சீதாராமன் என்றே பெயர் நின்றுவிட்டது, அப்படி ஒட்டிக்கொள்ளும் பாத்திரம்.) வால்ழானை விட்டுவிட்ட பிறகு ஜாவரால் வாழ முடியவில்லை, சேன் நதியில் குதிக்கிறார். ஸ்கேலை மேசை விளிம்பில் படுக்க வைத்து ஒரு விரலால் தள்ளுவேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதினைந்தைத் தாண்டினால் விழும் என்று எல்லாருக்கும் தெரியும். பதினாலரையில் விரலை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன். அந்த அரை சென்டிமீட்டரில் அவர் யோசிக்கிறார்.

கோவை: ஆட்டுபவரின் கையும் முகமும் தெரிகிறதே, கறுப்புத் துணி போட்டு மறைக்க வேண்டாமா?

மறைக்கவே வேண்டாம். ஜப்பானின் புன்ராக்கு பொம்மலாட்டத்தில் ஒரு பொம்மைக்கு மூன்று பேர், தலைமை ஆட்டக்காரர் பெரும்பாலும் முகம் தெரியவே நிற்பார். லண்டன் நேஷனல் தியேட்டரில் 2007-ல் 'வார் ஹார்ஸ்' வந்தபோது, கேப் டவுனின் ஹேண்ட்ஸ்பிரிங் குழு செய்த குதிரையின் தலையை ஆட்டியவர் வெளியேதான் நின்றார். 'லைஃப் ஆஃப் பை' நாடகத்தில் புலியை ஆட்டிய ஏழு பேருக்கு 2022-ல் துணை நடிகருக்கான ஆலிவியர் விருதை (லண்டன் நாடக உலகின் பெரிய விருது) சேர்த்தே கொடுத்தார்கள்.

ரகசியம் இரண்டுதான். ஒன்று, உங்கள் கண் பொம்மையின் மேலேயே இருக்கட்டும். நீங்கள் எதைப் பார்க்கிறீர்களோ அதைத்தான் சனமும் பார்க்கும். இரண்டு, மூச்சு. வீட்டில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டை எடுத்து ஒரு முனையில் முடிச்சுப் போடுங்கள், அது தலை. மேசையில் படுக்க வையுங்கள். நீங்கள் மூச்சை இழுக்கும்போது முடிச்சுக்குக் கீழே கால் அங்குலம் உயரட்டும், விடும்போது இறங்கட்டும். வேறு எதுவும் செய்யாதீர்கள். பத்தாவது மூச்சில் துண்டு தூங்கிக்கொண்டிருக்கும். சட்டென்று நிறுத்திப் பாருங்கள், வீட்டில் யாராவது "ஐயோ" என்பார்கள்.

யாழ்ப்பாணம்: நாவலாசிரியரின் நடை அழகே போய்விடுமே? அதை எப்படிக் காப்பாற்றுவது?

பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தைப் பார்த்து நான் கற்றது இது. அங்கே பாடப்படுவது கம்பராமாயணம். திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் வரிசையாக எரியும். புலவர் கம்பன் பாட்டைப் பாடுவார், பிறகு தன் பேச்சில் அதற்குப் பொருள் சொல்லி, வாதம் செய்து, எங்கெங்கோ போய்த் திரும்புவார். அதுவரை பாவை அப்படியே நிற்கும். பாட்டு கம்பனுடையது, பேச்சு கூத்தாடியுடையது. நாங்களும் அப்படித்தான். ஹ்யூகோவின் வாக்கியங்கள் ஏழெட்டு, தொடாமல் அப்படியே வரும். மற்றதெல்லாம் எங்கள் வாய்ப் பேச்சு. இரண்டையும் கலந்து பாதி இலக்கிய நடையில் எழுதினால்தான் வானொலி நாடகம் மாதிரி ஆகிறது.

சென்னை, ஐ.டி. வேலை, வார இறுதி நாடகம்: திமிங்கில வேட்டை நாவல் 'மோபி டிக்' செய்யலாமா? திமிங்கிலத்துக்கு எங்கே போவது?

பிரான்ஸிலும் நார்வேயிலும் வேலை செய்யும் பிளெக்சஸ் போலேர் குழு ஏழு நடிகர்கள், ஐம்பது பொம்மைகள், வீடியோ என்று பிரம்மாண்டமாகச் செய்தது. நம்மிடம் அவ்வளவு காசில்லை. திமிங்கிலத்தைச் செய்யாதீர்கள், கப்பலைச் சின்னதாக்குங்கள். முதல் காட்சியில் கப்பல் ஒரு தாம்பாளம், பிறகு சோப்பு டப்பா, கடைசியில் ஒரு புளியங்கொட்டை. அப்போது மேசை விரிப்புக்கு அடியில் உங்கள் முழங்கை மெதுவாக எழும்பினால் போதும். இவ்வளவு நேரம் எல்லாரும் திமிங்கிலத்தின் முதுகில்தான் நின்றோம் என்று சனத்துக்கே புரியும்.

அதே நபர்: எத்தனை பேர் பார்க்கலாம்?

அறுபது. அதற்கு மேல் போனால் சீப்பு தெரியாது. கேமரா வைத்துத் திரையில் போடலாம்தான், ஆனால் சனம் மேசையை விட்டுவிட்டுத் திரையைத்தான் பார்க்கும். எனக்குப் பிடிக்காது.

புதுச்சேரி: பொருளே போதும் என்றால் பொம்மை எதற்கு?

'ஃபிராங்கன்ஸ்டைன்' மாதிரிக் கதைக்குப் பொம்மைதான். உயிரில்லாத துண்டுகளைச் சேர்த்து ஒருவன் உயிர் கொடுக்கிறான், பொம்மலாட்டக்காரன் தினமும் செய்வதும் அதுதானே. தலை, கை, கால் எல்லாவற்றையும் மேடையிலேயே பூட்டுங்கள்.

திருநெல்வேலி: அனுமதி வாங்க வேண்டுமா?

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம் உரிமை இருக்கும். ஹ்யூகோ, 'மோபி டிக்' எழுதிய மெல்வில், கல்கி எல்லாம் தாராளமாக. தி. ஜானகிராமன் 1982-ல் மறைந்தவர், எனவே 2042 முடியும்வரை குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். பலர் சறுக்குவது மொழிபெயர்ப்பில்: மூலம் பொதுச்சொத்தாக இருந்தாலும் தமிழாக்கியவருக்குத் தனி உரிமை உண்டு. அவர் வாக்கியத்தை எடுத்தால் அவரிடமோ வாரிசிடமோ எழுத்தில் வாங்குங்கள்.

ஈரோடு: நாடகம் முடிந்ததும் சாமானையெல்லாம் என்ன செய்வீர்கள் அக்கா?

தாம்பாளம் அடுப்படிக்குப் போய்விடும். மரஸ்கேல் பென்சில் டப்பாவுக்கு. சீப்பு மட்டும் காட்சிக்கு ஒன்று செலவு. எங்கள் தெரு ஃபேன்சி ஸ்டோரில் டஜன் கணக்கில் வாங்கி வாங்கி, போன மாதம் கடைக்கார அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வீட்ல பேன் தொல்லை ஜாஸ்தியாம்மா? மருந்து இருக்கு, தரட்டுமா?"