ரிப்போர்ட்டில் சிவப்பு அம்புக்குறி: எலும்புப் புற்றுநோயா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. இரண்டு மாதமாக இடது முழங்காலுக்குச் சற்று மேலே வலி. லேபிலிருந்து வீட்டுக்கே வந்து ‘கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்’ என்று ரத்தம் எடுத்துப் போனார்கள். ஆல்கலைன் பாஸ்படேஸ் 340 என்று சிவப்பு அம்புக்குறி போட்டிருக்கிறது, சிஇஏ நார்மல். எலும்புப் புற்றுநோயா? அடுத்த மாதம் இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: முதலில் அந்த அம்புக்குறியை விடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் நார்மல் அளவு என்று 40 முதல் 130 வரை, கிட்டத்தட்ட அப்படி ஏதாவது இருக்கும் பாருங்கள், அது வளர்ந்து முடித்த பெரியவர்களுக்கு. 13 வயதில் எலும்பு வளர்கிற வேகத்துக்கு இந்த என்சைம் 300, 400 என்று இருப்பது சாதாரணம். வயதைக் கேட்டு ரிப்போர்ட்டின் தலையில் அச்சடிக்கிறார்கள், ஆனால் அந்த வயதுக்குரிய அளவைப் போட மாட்டார்கள், இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அதற்காக நிம்மதியாக இருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். எலும்பில் தொடங்கும் புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை ஒன்றுகூடக் கிடையாது. ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் வந்த பிள்ளைகளிலேயே பலருக்கு ஆல்கலைன் பாஸ்படேஸ் நார்மலாக இருக்கும். நோய் உறுதியான பிறகு அதுவும் எல்டிஹெச் என்ற இன்னொரு ரத்த என்சைமும் நோயின் வீரியத்தை ஊகிக்க உதவும், அவ்வளவுதான். சிகிச்சைக்குப் பிறகு நாங்கள் கண்காணிப்பதும் முக்கியமாக நெஞ்சையும் காலையும் படமெடுத்துத்தான். சிஇஏ பெரும்பாலும் குடல் புற்றுநோய்க்காரர்களைப் பின்தொடரப் பயன்படுவது, உங்கள் பையனின் காலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பேக்கேஜில் எண்ணிக்கை கூடினால் விலையும் கூடும், அதனால் உள்ளே இருக்கிறது.

‘எங்கள் மாமனாருக்கு ரத்தத்திலேயே கண்டுபிடித்தார்களே’ என்று யாராவது கேட்பார்கள். அது மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வருகிற வேறொரு புற்றுநோய். 60 வயதைத் தாண்டியவர், விடாத முதுகுவலி, ரத்தசோகை, இஎஸ்ஆர் (ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம்) எகிறிக் கிடக்கிறது என்றால் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரெசிஸ், ஃப்ரீ லைட் செயின் என்ற இரண்டு பரிசோதனைகள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும் (மஜ்ஜையை எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்வோம்), மருந்து வேலை செய்கிறதா என்பதையும் அதே எண்களை வைத்துப் பார்ப்போம். வேடிக்கை என்னவென்றால் அவருக்கு ஆல்கலைன் பாஸ்படேஸ் பெரும்பாலும் நார்மல்தான்! ஆனால் இது பிள்ளைகளுக்கு வருவது அரிதிலும் அரிது.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பின் கீழ்முனை, இந்த வயதில் ஆஸ்டியோசர்கோமா அதிகம் வருகிற இடம். பெரும்பாலும் வேறு காரணமாகத்தான் இருக்கும், ஆனாலும் இரண்டு மாத வலிக்கு நாளைக்கே எக்ஸ்ரே எடுங்கள், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ராத்திரி தூக்கத்தைக் கலைக்கிறதா, வீக்கம் தெரிகிறதா என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். அதுவரை எண்ணெய் போட்டு நீவுவதும் கட்டுப் போடுவதும் வேண்டாம்.

எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் எம்ஆர்ஐ, அப்புறம் பயாப்ஸி, அதாவது பெரும்பாலும் ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது. பக்கத்து நர்சிங் ஹோமில் ‘ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஊசி போன பாதையையும் சேர்த்துத்தான் பிறகு வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், அது தப்பான இடத்தில் போனால் காப்பாற்றியிருக்கக்கூடிய காலையே இழக்க நேரலாம். ஆபரேஷன் செய்யப்போகிற குழுவே பயாப்ஸியும் எடுக்க வேண்டும். சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் மாதிரி இடத்துக்கு நேராகப் போங்கள், நடுவில் ‘நான் சேர்த்துவிடுகிறேன்’ என்று வருகிற ஆள் தேவையில்லை. போகும்போது எக்ஸ்ரே படத்தையே கொண்டுபோங்கள், ரிப்போர்ட் தாளை மட்டும் நீட்டாதீர்கள்.