கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அடி இறக்கம் சரியாகிவிடுமா?

அம்மாவுக்கு 60 வயது, அடி இறங்கியிருக்கிறது (கர்ப்பப்பை பிறப்புறுப்பு வழியாகக் கீழே சரிந்திருக்கிறது), கர்ப்பப்பையை எடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுப்பதால் மட்டும் சரியாகாது. கோளாறு கர்ப்பப்பையில் இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்கும் நார்களும் இடுப்புத் தசைகளும் தளர்ந்துபோனதுதான் பிரச்சினை. பிரசவம், வயது, தீராத இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குவது எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. தாங்கலைச் சரிசெய்யாமல் விட்டால், கர்ப்பப்பை போன பிறகும் பிறப்புறுப்பின் மேல்முனை கீழே இறங்கலாம்.

அதனால் டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "மேல்முனையை எதோடு சேர்த்துத் தைப்பீர்கள்?" பெரும்பாலும் கீழ்வழியாகவே, அதாவது பிறப்புறுப்பு வழியாகவே, கர்ப்பப்பையை எடுத்து, இடுப்புக்குள் இருக்கும் உறுதியான நாரில் மேல்முனையைத் தைப்பார்கள். சிறுநீர்ப்பையோ மலக்குடலோ பிதுங்கியிருந்தால் அந்தச் சுவரையும் இழுத்துத் தைப்பார்கள். வயிற்று வழியாகச் செயற்கை இழை வலை வைத்து, முதுகெலும்பின் அடியில் கட்டுவது இன்னொரு முறை. வலை என்றதும் பலர் மிரள்கிறார்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. விற்பனையை நிறுத்தச் சொன்னது, இறக்கத்துக்காகக் கீழ்வழியாக வைக்கும் வலையை மட்டும்தான்.

ஆபரேஷனுக்கு அவசரமும் பெரும்பாலும் இல்லை. என் பெரியம்மா இறங்கிய சதையை விரலால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் சிறுநீர் கழிப்பார். வெட்கத்தில் வருடக்கணக்காக யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை அவருக்கு இறக்கத்தைத் தாங்க பிறப்புறுப்புக்குள் சிலிக்கோன் வளையம் போட்டார்கள். போட்டதும் நர்ஸ் அவரை வராந்தாவில் நடக்கச் சொன்னார், இருமச் சொன்னார், குந்தி எழச் சொன்னார், பாத்ரூம் போய்வரச் சொன்னார். வளையம் நழுவவில்லை. அதோடு சில மாதம் ஓட்டிவிட்டு, அப்புறம்தான் ஆபரேஷன். ஆபரேஷனே விரும்பாதவர்கள் வளையத்தோடு ஆண்டுக்கணக்கில் இருப்பதும் உண்டு, அவ்வப்போது போய்க் காட்டினால் போதும்.

இன்னொன்று. இறங்கிய சதை சிறுநீர்க் குழாயை மடக்கி அடைத்திருந்தால், சரிசெய்த பிறகு இருமும்போது சிறுநீர் கசிய ஆரம்பிக்கலாம். "ஆபரேஷன் கெட்டுவிட்டது" என்று வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் இதனால்தான். இறக்கத்தை உள்ளே தள்ளிவைத்து இருமச் சொல்லி முன்கூட்டியே பார்க்க முடியும், கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பின் குறைந்தது 6 வாரம் தண்ணீர்க் குடம், பேரப்பிள்ளை எதையும் தூக்க விடாதீர்கள். மலச்சிக்கலும் வரக்கூடாது, முக்கினால் தையலுக்குத்தான் கேடு.