நந்தலால் போஸ்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: ஓவியர் நந்தலால் போஸ் வங்காளத்தில் பிறந்தவர்தானே?

குடும்பம் வங்காளி, பிறந்தது பீகாரின் முங்கேர் மாவட்டத்தில், 1882இல். கல்லூரிப் படிப்பு மனத்தில் ஒட்டவில்லை. கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் அவனீந்திரநாத் தாகூரிடம் சேர்ந்த பிறகுதான் வழி பிறந்தது. பின்னர் அஜந்தா குகைகளில் தங்கி ஓவியங்களைப் படியெடுத்தார். அவர் வரைந்த கோடுகளுக்கு உண்மையான குரு அந்தச் சுவர்கள் என்பேன்.

கேள்வி: காந்தி கோலூன்றி நடக்கும் கறுப்பு வெள்ளைப் படம் அவருடையதா? தூரிகையால் வரைந்ததா?

அவருடையதுதான், ஆனால் தூரிகை இல்லை. 1930 தண்டி யாத்திரையை ஒட்டி தரைவிரிப்புக்குப் பயன்படும் லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. செதுக்கிய இடத்தில் மை ஏறாது. அதுவே வெள்ளைக் கோடாக நிற்கும். கத்தி தவறினால் அழித்துத் திருத்த வழியில்லை. அப்படியும் எவ்வளவு குறைந்த கோடுகளில் அந்த நடையின் வேகத்தைக் கொண்டுவந்திருக்கிறார், பாருங்கள்!

கேள்வி: ஹரிபுரா ஓவியங்கள் அவசரத்தில் வரைந்தவை போலத் தெரிகின்றனவே. ஏன் இவ்வளவு புகழ்?

அவசரம் உண்மைதான். 1938 பிப்ரவரியில் குஜராத்தின் ஹரிபுராவில் காங்கிரஸ் மாநாடு. கிராமத்து மக்கள் போகிற வருகிற வழியில் பார்க்கும்படி ஓவியங்கள் வேண்டும் என்பது காந்தியின் விருப்பம். கையால் செய்த காகிதத்தில், மண்நிறங்களைக் குழைத்து, அகலத் தூரிகையால் மளமளவென்று வரைந்தார். மேளக்காரர், தையற்காரர், செருப்புத் தைப்பவர் என உழைப்பவர்களே நாயகர்கள். நின்று பார்க்க நேரமில்லாதவர் கண்ணிலும் பட வேண்டிய ஓவியத்துக்கு நுணுக்க வேலை எதற்கு? அந்த வேகம்தான் அதன் அழகு.

கேள்வி: அரசியலமைப்பின் மூலப் பிரதியை அலங்கரித்தவர் அவர் ஒருவரா?

இல்லை, மாணவர்களும் சேர்ந்து செய்தார்கள். முகவுரைப் பக்கத்தின் அலங்காரம் மாணவர் பியோஹர் ராம்மனோஹர் சின்ஹாவின் கைவண்ணம்.

கேள்வி: ஆசிரியராக எப்படி இருந்தார்?

என் மனத்துக்கு மிக நெருக்கமான கேள்வி இது. சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலா பவனத்துக்கு 1922 முதல் 1951 வரை தலைமை வகித்தார். அங்கே வகுப்பறையோடு பாடம் முடிந்துவிடவில்லை; மரத்தடியிலும் சந்தால் பழங்குடிக் கிராமங்களிலும் தொடர்ந்தது. அங்கிருந்து வந்தவர்களைப் பாருங்கள். ராம்கிங்கர் பைஜ் சிமெண்டையும் சரளைக்கல்லையும் கொண்டு சிலைகள் எழுப்பினார். பினோத் பிஹாரி முகர்ஜிக்குச் சிறு வயதிலிருந்தே பார்வை மங்கல். அவரோ சுவர் முழுக்க ஓவியம் தீட்டினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்த ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியனும் அங்கே சென்று பயின்றவர்தான். ஒருவர் கை இன்னொருவர் கையைப் போல இல்லை. குருவின் கையைப் போலவும் இல்லை.

கேள்வி: மூல ஓவியங்களை எங்கே பார்க்கலாம்?

புதுதில்லியின் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் பெரும் தொகுப்பு இருக்கிறது.