குக்கர் விசில் உடம்புக்குள் இறங்குகிறது!

கேள்வி: எனக்கு 43 வயது. ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க நீடித்து வலிக்கும் நோய்) என்று டாக்டர் சொல்லி 2 வருடமாகிறது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன், சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை. குக்கர் விசில், மிக்ஸி, பாத்திரம் விழும் சத்தம் எல்லாம் உடம்புக்குள் இறங்குகிறது. நாள் முழுக்கக் காதில் பஞ்சோடு இருக்கிறேன். தெருவில் கோயில் கொடை விழா வேறு வரப்போகிறது. மாமியார் 'எல்லாம் மனசுதான்' என்கிறார். நிஜமாகவே கற்பனையா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கற்பனையே இல்லை, சகோதரி. இந்த நோயில் மூளையும் தண்டுவடமும் உடம்பிலிருந்து வருகிற சேதிகளைப் பெரிதாக்கிவிடுகின்றன. அதனால் லேசாக அழுத்தினாலே வலிக்கிறது, அதே காரணத்தால் பலருக்குச் சத்தமும் பளிச்சென்ற வெளிச்சமும் வாசனையும்கூடத் தாங்க முடியாமல் போகிறது. எக்ஸ்ரேயிலும் ரத்தப் பரிசோதனையிலும் இது தெரியாது என்பதால்தான் வீட்டில் நம்ப மறுக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தப் பஞ்சுதான். நாள் முழுக்கக் காதை அடைத்தே வைத்திருந்தால், சத்தம் குறையக் குறைய மூளை இன்னும் கூர்ந்து கேட்கப் பழகிவிடும், அப்புறம் கரண்டி உரசினால்கூட இடி மாதிரி இருக்கும். ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். வீடு அமைதியாக இருக்கும் மதியத்தில் 10 நிமிடம் எடுத்துப் பாருங்கள், ஃபேன் ஓடட்டும், அல்லது பிடித்த பாட்டை மெதுவாக வையுங்கள். ஒரே சீராக வரும் சத்தம் திடீர்ச் சத்தத்தின் அதிர்ச்சியைக் குறைக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். கல்யாண மண்டபம், பஸ் ஸ்டாண்ட் மாதிரி இடங்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் அடைப்பான் போதும், பஞ்சைவிட அது நன்றாகத் தடுக்கும்.

சமையலறையில், மிக்ஸியை மடித்த தடிமனான துணிமேல் வையுங்கள். போடும் முன் 'போடப்போறேன்' என்று ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள், எதிர்பார்த்து வருகிற சத்தம் அவ்வளவாகத் தாக்காது. சாதத்தை விசில் இல்லாமல் வடித்தே செய்யலாம்.

கொடை விஷயம்: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம். விழாக் கமிட்டியாரிடம் முன்கூட்டியே போய், குழாய் ஒலிபெருக்கி உங்கள் ஜன்னலைப் பார்க்காமல் திருப்பிக் கட்டச் சொல்லிக் கேளுங்கள். சண்டையாகப் போனால் காரியம் நடக்காது. முடிந்தால் அந்த இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

தூக்கம் கெட்ட மறுநாள் சத்தம் இரட்டிப்பாகத் தெரிகிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை செவித்திறனும் பார்த்துவிடுங்கள். திடீரென்று காது மந்தமானாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கே போக வேண்டும். போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் பத்து முறை சொன்னதை டாக்டர் வாயால் ஒரு முறை கேட்கட்டும்.