ரெக்ஸின் சோபாவுக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் ரெக்ஸின் சோபா செட் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. மெரூன் நிறம். கைப்பிடியிலும் தலை சாய்க்கும் இடத்திலும் நிறம் வெளுத்துவிட்டது. உட்காரும் இடத்தில் ஒரு மூலை உரிகிறது. பெயின்ட் கடையில் கேட்டதற்கு எனாமல் அடிக்கச் சொல்கிறார்கள். வீட்டிலேயே செய்ய முடியுமா? மகளின் கைப்பை, என் கணவரின் ஜாக்கெட் இரண்டையும் அதே பெயின்ட்டில் சரிசெய்யலாமா? – வாசகி, தூத்துக்குடி

வெளுத்த இடத்துக்கு அடிக்கலாம், நன்றாகவே வரும். உரிகிற இடத்துக்கு அடித்துப் பயனில்லை. எனாமல் வேண்டவே வேண்டாம்.

முதலில் உங்கள் சோபா எந்த வகை என்று பாருங்கள். கடையில் ரெக்ஸின், லெதரெட், பியூ லெதர் என்று பல பேரில் விற்றாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். துணியின் மேல் பிவிசி பூசியது ஒன்று, பாலியூரித்தேன் (சுருக்கமாகப் பியூ) பூசியது இன்னொன்று. பிவிசி கொஞ்சம் தடிமனாக, விறைப்பாக, பிளாஸ்டிக் வாசனையோடு இருக்கும். பியூ மெத்தென்று நிஜத் தோல் போலவே இருக்கும். பழசானால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்: பிவிசி வெடிக்கும், பியூ உதிரும். கொளுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூச்சுக்குழாயை அரித்துவிடும்.

பியூ உதிர்வதற்கு நீங்கள் சோபாவை எப்படி வைத்துக்கொண்டீர்கள் என்பது மட்டும் காரணமில்லை. காற்றிலுள்ள ஈரம் பாலியூரித்தேனின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. வெப்பம் அதை வேகப்படுத்துகிறது. தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. பீரோவில் பாலிதீன் சுற்றிப் பத்திரமாக வைத்த கைப்பைகூட, எடுத்துப் பார்த்தால் பொறுக்குப் பொறுக்காக உதிர்வது இதனால்தான். மேலே அடிக்கும் பெயின்ட் இந்தச் சிதைவை நிறுத்தாது. பொரிந்து நிற்கும் சுண்ணாம்புச் சுவரை அப்படியே விட்டுவிட்டு அதன் மேல் டிஸ்டெம்பர் அடித்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். மேல்தோல் கழன்று வரும்போது உங்கள் பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

இதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. பெட்டி ஒட்டும் டேப்பை ஒரு விரல் நீளம் கிழித்து, நல்ல நிலையில் இருப்பதாக நீங்கள் நினைக்கும் இடத்தில் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப் சுத்தமாக வந்தால் அந்த இடத்துக்குப் பெயின்ட் அடிக்கலாம். மெரூன் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அங்கே தோல் விட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உட்காரும் இடம் முழுக்க இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மூலை மட்டும் போயிருந்தால் அந்தக் குஷனுக்கு மட்டும் சோபா தைப்பவரிடம் புது ரெக்ஸின் போட்டுக்கொண்டு, மற்றதற்குப் பெயின்ட் அடிக்கலாம். எல்லா இடத்திலும் துணுக்கு வந்தால் பெயின்ட்டுக்குச் செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்தைப் புதுத் துணிக்குச் சேர்த்து வையுங்கள்.

எனாமல் ஏன் கூடாது என்றால், அது காய்ந்ததும் இறுகிவிடும். மரத்துக்கும் இரும்புக்கும் அந்த இறுக்கம் தேவை. சோபாவோ ஆள் உட்கார்ந்தால் அமுங்கும், எழுந்தால் நிமிரும். மடிப்பு விழும் இடமெல்லாம் எனாமல் வெடித்துவிடும். பிவிசியில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதை வளைய வைப்பதற்காக எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசர் சேர்த்திருப்பார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து எனாமலோடு கலக்கும். அப்புறம் பெயின்ட் சரியாகக் காயாமல் பிசுபிசுவென்றே கிடக்கும், உட்காருபவர்களின் உடுப்பில் ஒட்டும். தோலுக்கான டையும் ஷூ பாலிஷும்கூட வேண்டாம். டை ஊறிப்போக நிஜத் தோலில் நுண்துளை இருக்கிறது, ரெக்ஸினில் இல்லை. மேலேயே நின்று துணியில் தேய்ந்து வரும்.

நீங்கள் வாங்க வேண்டியது வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் பெயின்ட். தோலுக்கும் வினைலுக்கும் (பிவிசியைத்தான் அப்படிச் சொல்வார்கள்) என்றே தயாரித்தது கிடைக்கிறது. ஷூவுக்குப் படம் வரைபவர்கள் பயன்படுத்தும் ஏஞ்சலஸ் அந்த வகைதான். ஆனால் அதன் சின்ன பாட்டில் 29.5 மில்லிதான், கைப்பைக்குச் சரி, சோபாவுக்குக் காணாது. பெரிய பாட்டிலாகப் பாருங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால், ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக்கில், அதை வளைந்து கொடுக்க வைக்கும் ஃபேப்ரிக் மீடியம் என்ற திரவத்தைக் கலந்து அடிக்கலாம். பொதுவாக இரண்டு பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்கு மீடியம், பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி. கைப்பிடிக்கு இது தாங்கும். தினமும் உட்காரும் இடத்துக்குத் தோலுக்கான பெயின்ட்டையே நான் சொல்வேன். நிறம் பழைய மெரூனாகவோ அதைவிட அடர்த்தியாகவோ இருக்கட்டும். மெரூன் மேல் கிரீம் கொண்டுவர ஆசைப்பட்டால் கோட்டுக்கு மேல் கோட்டு ஏற்ற வேண்டியிருக்கும். பூச்சு தடித்தால் சீக்கிரம் வெடிக்கும்.

வேலையில் பாதி, சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. அதிலும் தலை சாய்க்கும் இடம்தான் நம் வீடுகளில் பெரிய சவால். ஆறு வருடத் தேங்காய் எண்ணெய் அங்கே ஏறியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் லிக்விட் சில சொட்டு விட்டு, துணியை முக்கிப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். அடுத்து 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைப் பஞ்சால் ஒரு இழுப்பு இழுங்கள். பஞ்சு மஞ்சளாகவோ பழுப்பாகவோ வந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடியும் லிக்விடிலிருந்து தொடங்குங்கள். மெரூனாக வந்தால் ஆல்கஹால் சோபாவின் சாயத்தையே கரைக்கிறது, உடனே நிறுத்திவிடுங்கள். அதனால் முதலில் சோபாவின் பின்பக்கத்தில் சோதித்துப் பாருங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடவே கூடாது, அதிலுள்ள அசிட்டோன் மேல்தோலையே இளக்கிவிடும். எப்போதாவது கார் டாஷ்போர்டு பாலிஷ் போட்டுப் பளபளக்க வைத்திருந்தால், அதன் சிலிக்கான் போகும்வரை இன்னும் கூடுதலாகத் துடைக்க வேண்டும். சிலிக்கான் இருக்கும் இடத்தில் பெயின்ட் பரவாமல் வட்ட வட்டமாக விலகி நிற்கும்.

அப்புறம் 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பளபளப்பு மங்கினால் போதும். பியூவின் மேல்படலம் மிக மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் துணி தெரிந்துவிடும். தூசியைத் துடைத்துவிட்டு, பிரஷ்ஷுக்குப் பதில் சின்ன ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி அடியுங்கள், கோடு விழாது. மடிப்பு இருக்கும் இடத்தில் ஒரு கையால் ரெக்ஸினை விரித்துப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஆள் உட்காரும்போது மடிப்புக்குள் பழைய நிறம் கோடாகத் தெரியும். முதல் கோட்டில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், பயந்துபோய்த் தடிமனாக அடித்துவிடாதீர்கள். மெல்லிசாக மூன்று நான்கு கோட்டு போதும். ஒவ்வொன்றும் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் அதே வகைக்கான அக்ரிலிக் ஃபினிஷர், அதாவது நிறத்தைக் காக்கும் மேல்பூச்சு, ஒரு கோட்டு. மர வார்னிஷ் கூடாது.

கையில் ஒட்டவில்லை என்பதால் உட்கார்ந்துவிடாதீர்கள். உள்வரை இறுக ஒரு வாரமாவது விடுங்கள். பிறகு ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, நிறம் வராவிட்டால் பயன்படுத்தலாம். உங்கள் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், அப்போது இந்த வேலையை எடுக்காதீர்கள். பொங்கல் கழிந்து வானம் வெளுத்ததும் தொடங்கலாம்.

கைப்பைக்கும் இதே முறைதான், சோபாவைவிடச் சுலபம். ஜிப்பையும் உலோக வளையங்களையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். வியர்வைக் கை படும் பிடியில்தான் நிறம் முதலில் போகும் என்பதால் அங்கே ஃபினிஷர் இரண்டு கோட்டு கொடுங்கள். மிச்சப் பெயின்ட்டைக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் அவ்வப்போது தொட்டுக்கொள்ளலாம்.

ஜாக்கெட் விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. முழங்கை, அக்குள் இரண்டும் நாள் முழுக்க மடங்கிக்கொண்டே இருக்கும், அங்கே எந்தப் பெயின்ட்டும் நெடுநாள் நிற்பது கஷ்டம். முழு ஜாக்கெட்டுக்கும் அடித்தால் துணி விறைத்து, போட்டுக்கொள்ளவே சங்கடமாகிவிடும். காலர் ஓரம், பாக்கெட் விளிம்பு, முன்பக்கக் கீறல் இவற்றுக்கு மட்டும் நீர்த்த பெயின்ட்டை ஒற்றிவிடச் சொல்லுங்கள். அதன்பிறகு வாஷிங் மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து ஹேங்கரில் காற்றாட மாட்டினால் போதும். காலரில் டேப் ஒட்டி இழுத்தாலே உதிர்கிறது என்றால் அந்த ஜாக்கெட்டில் பெயின்ட்டை வீணாக்காதீர்கள்.