இரண்டாவது டனல் ஏன் கைகொடுக்கவில்லை?

கேள்வி: ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து கிளவுடுக்கு இரண்டு விபிஎன் டனல் போட்டிருக்கிறோம். இரண்டுமே 'அப்' என்றுதான் காட்டுகிறது. ஆனால் முதலாவது விழுந்தால் எல்லாமே நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: அந்த 'அப்' ஐபிசெக் (டனலைப் பூட்டிப் பாதுகாக்கும் நெறிமுறை) பேச்சுவார்த்தை முடிந்ததை மட்டும்தான் சொல்கிறது, பாக்கெட் போய்த் திரும்புகிறதா என்பதை அல்ல. ரூட்டிங்கைப் பாருங்கள். கண்காணிப்பு இல்லாத வெறும் ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிவைத்த, தானாக மாறாத வழி) என்றால், செத்த டனலையே அது கைகாட்டிக்கொண்டு நிற்கலாம். நானாக இருந்தால் பிஜிபிக்கு (இரு பக்க ரூட்டர்களும் வழிகளைத் தாங்களே சொல்லிக்கொள்ளும் முறை) மாறிவிடுவேன். அதிலும் ஹோல்டு டைமர் (எதிர்ப்பக்கத்திலிருந்து செய்தி வராமல் பொறுத்திருக்கும் நேரம்) 180 நொடியாக இருந்தால், எதிர்ப்பக்கம் போய்விட்டது என்று தெரியவே மூன்று நிமிடம் ஆகிவிடும். 30 நொடியாகக் குறையுங்கள், இரு பக்கத்தில் எது சிறியதோ அதுதான் செல்லும்.

பிஜிபி ஏற்கெனவே இருக்கிறதா? சரி, அப்படியென்றால் என் சந்தேகம் ஃபயர்வால் மேல்தான். இரண்டாவது டனலின் இன்டர்ஃபேஸை பாலிசியில் (எதை விடலாம் என்ற ஃபயர்வால் விதிகளில்) சேர்க்க மறந்திருப்பார்கள் (நானே மறந்திருக்கிறேன்), இல்லாவிட்டால் ஒரு டனலில் போன கோரிக்கைக்கு இன்னொன்றில் பதில் வரும், ஃபயர்வால் 'இது யாருக்கு வந்த பதில்?' என்று தூக்கிப் போட்டுவிடும். அந்த டனலில் பாக்கெட் கேப்சர் (போய்வரும் பாக்கெட்டுகளின் பதிவு) எடுங்கள்: சின் பாக்கெட் (இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்) மட்டும் திரும்பத் திரும்பப் போய், பதிலே காணோம் என்றால் திரும்பும் வழியில் கோளாறு இருக்கலாம். அப்படியென்றால், மற்ற டனலில் ஏஎஸ் பாத்தை (வழி கடந்துவரும் நெட்வொர்க்குகளின் பட்டியல்; பொதுவாகக் குட்டையானதையே பிஜிபி விரும்பும்) நீட்டி, கிளவுடும் நீங்கள் விரும்பும் டனலையே தேர்ந்தெடுக்கும்படி செய்யுங்கள். அப்புறம், வேலை நேரம் முடிந்ததும் முதல் டனலை நீங்களே இறக்கிப் பாருங்கள்.