அடர்த்தி கூடியும் அயனிக் கடத்துத்திறன் உயராதது ஏன்?

8 மோல் சதவீத இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) சேர்த்த உங்கள் சிர்கோனியா (ஆக்சிஜன் அயனிகளைக் கடத்தும் பீங்கான்) வில்லை 97 சதவீத அடர்த்தியை எட்டியும் சரியாகக் கடத்தவில்லை என்றால், தடை பெரும்பாலும் மணிகளுக்குள் (வில்லையிலுள்ள நுண்படிகங்களுக்குள்) அல்ல, மணி எல்லைகளில்தான் இருக்கும். மூலப்பொடியில் கலந்துள்ள சிறிதளவு சிலிக்கா, சூட்டிணைப்பின்போது (பொடியை உயர் வெப்பத்தில் இறுகச் செய்யும்போது) அந்த எல்லைகளில் கண்ணாடிப் படலமாகப் பரவி, ஆக்சிஜன் அயனிகளின் வழியை மறிக்கிறது.

300 முதல் 400 டிகிரி செல்சியஸுக்குள் மின்மறுப்பு நிறமாலை, அதாவது பல அதிர்வெண்களில் மாறுமின்னோட்டத்துக்கான தடையை அளந்த வரைபடம், எடுத்துப் பாருங்கள். அதில் வில் வடிவ வளைவுகள் தெரியும். பிகோஃபாரட் அளவில் மின்தேக்குதிறன் உள்ள வில் மணிகளுடையது. நானோஃபாரட் அளவில் உள்ளது எல்லைகளுடையது. இரண்டாவது வில் பெரிதாக இருந்தால் சந்தேகம் சரி.

அப்படியானால், சிலிக்காவைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும் அலுமினாவை எடையில் 1 சதவீதத்துக்கு மிகாமல் சேர்த்துப் பார்க்கலாம். பொடி தூய்மையானதாக இருந்தால் இதனால் பயனில்லை. அலுமினா மின்காப்புப் பொருள் என்பதால், அளவு மீறினால் கடத்தல் குறையவே செய்யும்.